வேலாஸ் கரையில் ஆமைத் தடம்

தளேகாவிலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் குடியேறியுள்ள நம் குடும்பங்களில் பல, தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஆனால் இங்கே வளரும் பிள்ளைகளுக்கோ, கடல் என்பது விடுமுறையில் ஊருக்குப் போனால் மட்டும் காணக்கிடைப்பது. தாம்ஹிணி கணவாயில் இறங்கி மாண்காவைத் தாண்டி, சாவித்திரி ஆற்றை வாகனப் படகில் கடந்தால், ரத்னகிரி மாவட்டத்தின் வேலாஸ் கிராமம் வந்துவிடும். நம் மீனவர் பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் அழைக்கும் கடலாமை, நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கரையேறி முட்டையிடுகிறது.

இது வெளியுலகிற்குத் தெரியவந்த விதம் சுவையானது. சிப்ளூண் நகரின் சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பினர் 2002ஆம் ஆண்டு வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூடுகளைத் தேடி இக்கரைக்கு வந்தனர். கழுகைத் தேடியவர்களின் கண்ணில் பட்டவை ஆமை முட்டையின் ஓடுகள். முட்டைகளைத் தோண்டியெடுத்து உண்பதும் விற்பதும் அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. பின்னர் அதே கிராமத்தார் காவலர்களாக மாறினர். முட்டைகளை எடுத்து, நரியும் நாயும் நுழையாதபடி வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்துக் காக்கின்றனர். காணவரும் விருந்தினருக்குத் தங்கள் வீடுகளிலேயே இடமும் உணவும் அளித்து வருவாயும் பெறுகின்றனர்.

காற்று பலமாய் வீசும் குளிர்கால நாளில் போகிறவர்கள் விடியுமுன்னே கரையில் இருக்க வேண்டும். பெண் ஆமை இரவில் ஏறி வந்து, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டுவிட்டுத் திரும்பிவிடும். ஆண் ஆமையோ கரையேறுவதே இல்லை. மணலில் எஞ்சுவது இரண்டடி அகலத் தடம் மட்டுமே, டிராக்டர் சக்கரம் உருண்டு போனதுபோல. வெயில் ஏறி மணல் உலர்ந்ததும் காற்று அதையும் அழித்துவிடும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்திருந்தால், அருகே குழி இருக்கக்கூடும். நாமாகத் தோண்டிப் பார்க்கலாகாது. இவ்வாமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது.

தடம் கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். வடக்கிலிருந்து வந்த கடற்காக்கைகள் அனைத்தும் காற்றுக்கு முகங்கொடுத்து ஒரே திசை நோக்கி நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாலைக் காற்றுக்குக் காட்டினால் இறகு கலைந்துவிடும் அல்லவா!

ஒடிசாவின் கஹிர்மாதாவில் 2021 மார்ச்சில் அடையாள வில்லை பொருத்தப்பட்ட ஓர் ஆமை, 2025 ஜனவரியில் வேலாஸுக்குத் தெற்கே குஹாகர் கரையில் முட்டையிட்டது. கீழ்க்கடலின் ஆமைகள் வேறு, மேல்கடலின் ஆமைகள் வேறு என்றே அதுவரை பெரிதும் எண்ணப்பட்டது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீந்திய அது, தமிழகத்தின் தென்கோடிக் கடலையோ இலங்கையையோ சுற்றாமல் வந்திருக்க வழியில்லை.

அதே ஜனவரி மாதத்தில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலாமையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிரினம். இழுவலையில் அகப்பட்டால் மூழ்கி மூச்சடைத்து மடிகிறது. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை இடக்கூடாது என்று தமிழகத்தில் விதி உண்டு. ஆமை தப்பிச் செல்லும் வாயிலை வலையில் பொருத்தினால் மீனும் சிறிது தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகின்றனர். கடன் சுமக்கும் அவர்களது தயக்கத்தை எளிதாய்த் தள்ளிவிட இயலாது. ஆயினும், முட்டையிட வந்த தாயாமை செத்தால் அதன் வயிற்றிலுள்ள முட்டைகளும் அதனோடே போகின்றன.

வேலாஸில் குஞ்சுகளைக் காண விரும்புவோர் மார்ச் மாதத்தை ஒட்டிச் செல்வது நலம். பொரிய ஐம்பது நாட்களுக்குக் குறையாமல் ஆகலாம். குளிர் நீடித்தால் இன்னும் தாமதமாகும், ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும். மணற்சூடு ஏறினால் பெண் மிகும். குழிகளின்மேல் கவிழ்த்த கூடைகளைக் காலையிலும் மாலையிலும் தூக்கிப் பார்க்கிறார்கள். ஒன்றும் வெளிவராதிருந்தால் அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டியதுதான்.