மனத்தை அளக்கிற படிப்பு – 9: சிக்னிஃபிகன்ட் வந்துச்சா?

ஆய்வேடு சமர்ப்பிக்கிற மாதத்தில் எந்த உளவியல் துறையின் தாழ்வாரத்தில் நடந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "சிக்னிஃபிகன்ட் வந்துச்சா?" வந்தவர் முகத்தில் நிம்மதி. வராதவரைச் சுற்றி நாலு பேர் நின்று யோசனை சொல்வார்கள். "இன்னும் ஒரு இருபது பேர்கிட்ட கொஸ்டினேர் வாங்கிச் சேர்த்துப் பாரேன்." "எட்டி நிக்கிற அந்த ரெண்டு அவுட்லையரைத் தூக்கிடு." "ஆண், பெண்ணுன்னு பிரிச்சுப் போடு, எதுலயாவது வரும்." சொல்கிறவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, நண்பருக்குக் கைகொடுக்கிறார்கள். இந்த உதவி ஒரு துறையையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

0.05 என்ற எல்லைக்கோட்டைப் புள்ளியியலாளர் ஃபிஷரின் 1925 புத்தகம் எப்படிப் பிரபலமாக்கியது என்று சென்ற வாரம் பார்த்தோம். சுருக்கமாக ஒரு நினைவூட்டல். இரண்டு குழுக்களுக்கு இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு? அதுதான் பி மதிப்பு. அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால் சிக்னிஃபிகன்ட். கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை அது சொல்வதில்லை. எம்.எஸ்சி. முடித்தவர்களில் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பாடப்புத்தகம் எழுதியவர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

இனி 2011-க்கு வருவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், சமூக உளவியலில் மூத்த பெயர். அந்த ஆண்டு அத்துறையின் முதன்மை இதழ்களில் ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். அதன் வாதம், இனி நடக்கப்போவது இப்போதே மனத்தைத் தொடுகிறது என்பது. முதல் சோதனையில் கணினித் திரையில் இரண்டு திரைச்சீலைகள். எதற்குப் பின்னால் படம் வரும் என்று மாணவர் சொல்ல வேண்டும். கணினி இடத்தைத் தீர்மானிப்பதே அவர் சொன்ன பிறகுதான். பாலுணர்வைத் தூண்டும் படங்களில் மாணவர்கள் 53.1 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். தற்செயல் என்றால் 50 வர வேண்டும். இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கை: முதலில் நினைவுத் தேர்வு, அதன் பிறகு சில சொற்களை மட்டும் பயிற்சி செய்வது. தேர்வு முடிந்தபின் படித்த சொற்களே தேர்வில் அதிகம் நினைவுக்கு வந்தனவாம்! ஒன்பதில் எட்டு சிக்னிஃபிகன்ட்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போக முடியவில்லை. ஏனென்றால் பெம் பயன்படுத்தியவை எல்லோரும் பயன்படுத்திய முறைகள்தான். மாதிரி அளவும் அன்றைய வழக்கத்துக்குக் குறைவில்லை. ஒன்று, எதிர்காலம் நிகழ்காலத்தைத் தொடுகிறது. இல்லையென்றால் இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறையில் ஓட்டை இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது?

ஓட்டை எங்கே என்பதை அதே ஆண்டு மூன்று பேர் காட்டினார்கள். பென்சில்வேனியாவின் ஜோசப் சிம்மன்ஸ், யூரி சைமன்சன், பெர்க்லியின் லீஃப் நெல்சன். என்னைக் கேட்டால், முதுநிலை மாணவர் ஒரே ஒரு முறையியல் கட்டுரைதான் படிப்பேன் என்று அடம்பிடித்தால் இவர்கள் எழுதியதைத்தான் கையில் கொடுப்பேன். இருபது மாணவர்களை அழைத்துப் பாட்டு கேட்க வைத்தார்கள். சிலருக்கு பீட்டில்ஸின் 'வென் ஐம் சிக்ஸ்டி-ஃபோர்', சிலருக்கு விண்டோஸ் 7 கணினியோடு வந்த 'கலிம்பா' என்ற இசைத்துண்டு. பிறகு பிறந்த தேதி, அப்பாவின் வயது என்று சில கேள்விகள். அப்பாவின் வயதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ததும் முடிவு வந்தது: பீட்டில்ஸ் கேட்டவர்களின் வயது 20.1, மற்றவர்களுக்கு 21.5. பி மதிப்பு 0.040. இளமையாக உணர்ந்தார்கள் என்பதில்லை. பாட்டு கேட்டதால் ஒன்றரை வயது குறைந்தேபோனார்கள்!

நடக்க முடியாத ஒன்றை, ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாமல் நிரூபித்துக் காட்டினார்கள். பிறகு அதே சோதனையை, மறைத்ததையெல்லாம் சேர்த்து இன்னொரு முறை எழுதினார்கள். மூன்றாவதாக ஒரு பாட்டும் இருந்தது; அதைச் சொல்லவில்லை. வேறு பல கேள்விகளும் கேட்டிருந்தார்கள்; உதவியது அப்பாவின் வயது மட்டும். எத்தனை பேரோடு நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யவில்லை. இடையிடையே கணக்குப் போட்டுப் பார்த்து, முடிவு வந்ததும் நிறுத்தினார்கள். தாழ்வாரத்தில் நண்பர்கள் சொன்ன அதே யோசனைகள். இப்படிப்பட்ட நாலு சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு ஐந்திலிருந்து ஏறக்குறைய 61 விழுக்காட்டுக்குப் போய்விடுகிறது என்பதையும் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தில் இன்னொரு வெடி. டில்பர்க் பல்கலைக்கழகத்தின் புலத்தலைவரும் நட்சத்திர ஆய்வாளருமான டீடெரிக் ஸ்டாப்பெல் தரவுகளை உட்கார்ந்த இடத்திலேயே இட்டுக்கட்டியது வெளிவந்தது. அவருடைய ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. செய்தித்தாள்களுக்கு இதுதான் பெரிய தீனி. மோசடி எப்போதும் நல்ல கதை. ஆனால் பாட்டுக் கட்டுரை கற்றுத்தருகிற அளவுக்கு இது கற்றுத்தருவதில்லை. மோசடி தப்பு என்பது யாருக்குத்தான் தெரியாது?

ஒரே ஒரு விவரம் மட்டும் மாணவர்களுக்கு முக்கியம். பள்ளிகளில் நானே தரவு திரட்டித் தருகிறேன் என்று சொல்லி, முடிந்த கோப்பை அவர் மாணவர்களிடம் கொடுப்பார். அவர்கள் நம்பி பகுப்பாய்வு செய்தார்கள். அப்படிப் போலித் தரவின் மேல் நின்ற முனைவர் பட்ட ஆய்வேடுகள் பத்து என்று மொழியியல் உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் தலைமையிலான விசாரணை சொன்னது. அந்த மாணவர்களுக்கு விஷயம் தெரியாது. அவரைச் சந்தேகித்துப் புகார் கொண்டுபோனவர்களும் அதே துறையின் மூன்று இளம் ஆய்வாளர்கள்தான். தரவைக் கொடுத்தால் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் போட்டு, அட்டவணையும் விளக்கமுமாகத் திருப்பித் தருகிற ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம் காசு கட்டுகிற மாணவருக்குத் தன் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதாவது தெரியும். எங்கே போயின என்பது தெரியாது.

இதற்கிடையில் பெம்மை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். எடின்பரோவில் அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த ஸ்டூவர்ட் ரிச்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற இரண்டு பேராசிரியர்களோடு சேர்ந்து அந்த நினைவுத் தேர்வுச் சோதனையை மூன்று இடங்களில் தலா 50 பேரை வைத்து அப்படியே திரும்பச் செய்தார். ஒன்றும் வரவில்லை. பெம்மின் கட்டுரையை வெளியிட்ட அதே இதழுக்கு அனுப்பினார்கள். மறுசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் 2012-ல் 'பிளாஸ் ஒன்' வெளியிட்டது. எதிர்காலத்தை அறிய முடியும் என்பதற்கு இடம் இருந்த இதழில், முடியவில்லை என்பதற்கு இடமில்லை!

2015-ல் உளவியலாளர் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெருங்கூட்டம் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. மூலத்தில் 97 விழுக்காடு சிக்னிஃபிகன்ட், மறுமுறை 36. இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் இங்கே தங்கப்போவதில்லை. என்னைக் கவர்வது இதைவிடச் சிறிய, ஒரு வகுப்பறைக்குள் நடந்த வேலை.

ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஃபிராங்க் நடத்தும் முதுநிலை முறையியல் வகுப்பு அது. ஒவ்வொரு மாணவரும் வெளிவந்த ஒரு ஆய்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் தாங்கள் மேற்கொண்டு ஆராய விரும்புகிற தலைப்பிலிருந்து. கட்டுரையை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையை மீண்டும் கட்ட வேண்டும். எத்தனை பேர், யாரை விலக்குவது, எந்தக் கணக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, இணையத்தில் ஆள் சேர்த்து நடத்த வேண்டும். இப்படிப் பல ஆண்டுகளில் சேர்ந்த 176 மறுசோதனைகளை 2023-ல் தொகுத்து வெளியிட்டார்கள். வெற்றி என்று மதிப்பிடப்பட்டவை 49 விழுக்காடு.

பாதிக்குப் பாதி. இதன் பொருளை ஒரு முதலாண்டு மாணவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆசைப்பட்டு ஒரு கட்டுரையை எடுத்து, அதன் மேல் தன் ஆய்வேட்டைக் கட்ட நினைக்கிறார். அடித்தளம் நிற்குமா என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம். அது தெரியாமல் இரண்டு ஆண்டு உழைத்து முடிவு வராதபோது, தனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?

எவை நின்றன என்பதையும் அந்தத் தொகுப்பு பார்த்தது. மூலத்தில் விளைவு பெரிதாக இருந்தவை அதிகம் நின்றன. ஒரே ஆளை இரண்டு நிலைகளிலும் வைத்துச் சோதித்த ஆய்வுகளும் அதிகம் நின்றன. இதில் வியப்பில்லை. சத்தமான அறையில் ஒருவரும் அமைதியான அறையில் வேறொருவரும் படித்தால், அறையின் விளைவோடு ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் கலந்துவிடும். இரண்டு அறையிலும் அதே ஆள் படித்தால் அந்தக் கலப்படம் பெருமளவு கழிந்துவிடும்.

நம் துறைகளில் பரவலாக உலவும் 'குழுவுக்கு முப்பது பேர் போதும்' என்ற சொல்வழக்கை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். விளைவு நடுத்தர அளவில் உண்மையாகவே இருந்தாலும், தனித்தனிக் குழுக்களில் முப்பது முப்பது பேரை வைத்தால் அதைப் பிடிக்கிற வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. எண்பது விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர். விளைவு சிறியதென்றால் குழுவுக்கு ஏறக்குறைய 400 பேர். டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தின் 'ஜி பவர்' மென்பொருள் இலவசம். இந்தக் கணக்கை நொடியில் சொல்லிவிடும். கைடு கேட்காவிட்டாலும் மாணவர் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஆய்வைத் தொடங்கலாம். எண்ணைப் பார்த்துப் பயந்து தலைப்பை மாற்றினாலும் நஷ்டமில்லை, தொடங்கும் முன்புதானே.

முன்பதிவு என்று சொல்வதும் இவ்வளவுதான்: தரவைப் பார்க்கும் முன் திட்டத்தைத் தேதியோடு பொதுவெளியில் எழுதி வைப்பது. 'கார்டெக்ஸ்' போன்ற சில இதழ்கள் 2013-லிருந்து இதில் ஒரு படி மேலே போய், திட்டத்தை மட்டும் படித்தே கட்டுரையை ஏற்றுக்கொள்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் அச்சாகும். தாழ்வாரத்து யோசனைகளை யாரும் தடைசெய்யவில்லை. ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கலாம். பிறகு தோன்றிய யோசனை இது என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவே.

ஒரு நியாயமான கேள்வி பாக்கி இருக்கிறது. மறுசோதனை தோற்றால் தவறு மூல ஆய்வில்தானா? முதலாண்டு மாணவர், குறைந்த பணம், இணையத்தில் அரைமனதோடு பதில் சொல்லும் ஆட்கள். சோதனையே சரியாக நடக்காமல் போயிருக்கலாமே? ஸ்டான்ஃபோர்டுக்காரர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தோற்றுப்போன 17 மறுசோதனைகளை எடுத்து இன்னொரு முறை செய்து பார்த்தார்கள். ஐந்து பிழைத்தன, மூலத்தைவிடச் சிறிய விளைவோடு. அதிகம் பேரைச் சேர்த்ததாலோ, கவனமில்லாமல் பதில் சொல்கிறவர்களை வடிகட்டியதாலோ அவை பிழைத்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். மற்ற 12-ம் இரண்டாம் முறையும் விழுந்தன. முதல் மறுசோதனையில் வெளிப்படையான குறை எதுவும் இல்லையென்றால் அந்தத் தலைப்பை விட்டு நகர்வதே சிக்கனம் என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வேட்டுக்கு ஒரு செமஸ்டர் மட்டுமே கையில் இருப்பவர்கள் இதை நம்புவது நல்லது.

(தொடரும்)