தில்லியைச் சுற்றும் ரயில்: பாதை உண்டு, பயணிகள் இல்லை

புது தில்லி: மெட்ரோ ரயில் ஓடத் தொடங்குவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, தலைநகரைச் சுற்றிவரும் பயணிகள் ரயிலைப் பெற்ற நகரம் தில்லி. ஹஜ்ரத் நிஜாமுதீனில் புறப்பட்டு, நகரை வட்டமடித்து, மீண்டும் அங்கேயே வந்து சேரும் "ரிங் ரயில்' பாதையின் நீளம் சுமார் 35 கி.மீ. வழியில் ஏறத்தாழ 20 நிலையங்கள். ஆனால், தலைநகரவாசிகளில் பெரும்பாலோர் இந்த ரயிலை நாடவில்லை.

சரக்குக்காக அமைந்த பாதை: பயணிகளுக்காக இப் பாதை போடப்படவில்லை. நெரிசல் மிக்க புது தில்லி, பழைய தில்லி நிலையங்களுக்குள் நுழையாமல் சரக்கு ரயில்கள் நகரைக் கடந்து செல்வதற்காகவே 1975-ம் ஆண்டு இது அமைக்கப்பட்டது. 1982-ம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதையொட்டி இப் பாதை மேம்படுத்தப்பட்டு, 24 கூடுதல் ரயில்கள் இயக்கப்பட்டன. போட்டி முடிந்த பிறகு ரயில்கள் தொடர்ந்தன; கூட்டம் தொடரவில்லை.

நிலையங்களின் பெயர்களைப் பார்த்தால் இது வியப்பளிக்கும். அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த லோதி காலனி, சரோஜினி நகர். கடைவீதிக்குப் பெயர்பெற்ற லாஜ்பத் நகர். தூதரகங்கள் அமைந்த சாணக்யபுரி. தொழிற்கூடங்கள் உள்ள நாராயணா. மொத்த வியாபாரம் நடக்கும் சதர் பஜார். கன்னாட் பிளேஸை ஒட்டிய சிவாஜி பாலம். காலையில் வேலைக்குச் செல்வோர் புறப்படும் இடமும் சேரும் இடமும் இவையே.

காரணம் என்ன? நிலையத்துக்கு வந்து சேருவதே பயணிகளுக்குச் சிரமமாக இருந்தது. பல நிலையங்கள் பிரதான சாலையிலிருந்து விலகி, குறுகலான பாதைகளுக்கு உள்ளே அமைந்துள்ளன. இறங்கியவுடன் ஏறிச் செல்ல இணைப்புப் பேருந்துகள் போதிய அளவில் இல்லை. சரக்கு ரயில்களுடன் பாதையைப் பகிர்ந்துகொள்வதால் பயணிகள் ரயில்களை அடுத்தடுத்து இயக்கவும் வழியில்லை. ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயிலுக்கு நீண்டநேரம் காத்திருக்க வேண்டும் என்றால், அலுவலகம் செல்பவர் பேருந்தையே நாடுவார்.

2010-ம் ஆண்டு காமன்வெல்த் போட்டியின்போது சாணக்யபுரி, சரோஜினி நகர், லாஜ்பத் நகர் உள்ளிட்ட 7 நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. நிலையங்கள் பொலிவு பெற்றனவே தவிர, இணைப்பு வசதி என்னும் அடிப்படைக் குறை நீங்கவில்லை.

மெட்ரோ காட்டிய வழி: 2002-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ, சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் என்ற நம்பிக்கையை ஏற்படுத்தியது. சுற்றுச் சாலையை ஒட்டிச் செல்லும் அதன் இளஞ்சிவப்புத் தடத்தின் முதல் பகுதி 2018-ம் ஆண்டு திறக்கப்பட்டது. லாஜ்பத் நகர், சரோஜினி நகர், நாராயணா விஹார் ஆகிய இடங்களில் இதற்கும் நிலையங்கள் உண்டு. ரிங் ரயில் செல்லும் அதே பகுதிகளில் மெட்ரோவுக்குப் பயணிகள் கிடைத்தனர். தேவை இல்லாததால் ரிங் ரயில் தோற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மெட்ரோ கட்டணம் 2017-ம் ஆண்டில் மட்டும் இருமுறை உயர்த்தப்பட்டது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பங்களுக்கு, அதைவிடக் குறைந்த கட்டணத்தில் செல்லும் ரயில் பெரும் உதவியாக இருந்திருக்கும். அதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை, தண்டவாளமும் இருக்கிறது. ரயில் நிலையத்தையும் பேருந்து நிறுத்தத்தையும் மெட்ரோ வாயிலையும் இணைக்கும் நடைபாதையும், நம்பத்தக்க கால அட்டவணையுமே தேவை. ரயில்வேயும் மாநகர நிர்வாகமும் சேர்ந்து செய்யவேண்டிய பணி இது.