தட்டணு ஏற்றியும் எண்ணிக்கை ஏறாதது ஏன்?

மழைக்காலம் ஓய்ந்து டெங்குக் காய்ச்சல் தலைகாட்டும் நாட்களில், 'பிளேட்லெட் தேவை' என்ற செய்தி கேட்டதும் நம் அன்பர்கள் அலுவலையும் விட்டு ஆஸ்பத்திரிக்கு விரைகின்றனர். உற்றார் அருகிலில்லாத ஊரில் இதனினும் பெரிய உதவி ஏது? ஆயினும் தட்டணு ஏற்றிய மறுநாள் எண்ணிக்கை பழைய இடத்திலேயே நிற்கக் கண்டு, கொடுத்தவரின் இரத்தத்தைக் குறை கூறுவோரும் நம்மிடையே உண்டு. அது பெரும்பாலும் நியாயமன்று.

நலமுள்ளவர் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,00,000 வரை தட்டணுக்கள் இருக்கும். ஒருவர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்த ஒரு பை, பெரியவர்களுக்கு 5,000 முதல் 10,000 வரையே உயர்த்தும். இயந்திரத்தின் வழியே ஒருவரிடமிருந்து எடுத்த பையானால் 30,000 முதல் 60,000 வரை. அதிலும் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். மண்ணீரல் வீங்கியிருப்பின் இன்னும் அதிகம். காய்ச்சலும், இரத்தத்தில் பரவிய கிருமியும், சில மருந்துகளும் எஞ்சியதைத் தின்றுவிடும். நம் பார்சல் ஆபீஸ் வழக்கில் சொன்னால், சரக்கு பழுதின்றியே வந்தது; இறக்கிய இடத்தில்தான் கரைந்தது.

பையின் பங்கும் சிறிது உண்டு. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இடைவிடாது அசைத்து, வழக்கமாக 5 நாட்கள் வரையே வைப்பர். புதியதும், இரத்தப் பிரிவு ஒத்ததும் நன்கு பலன் தரும்.

டெங்குவில் இரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் கண்டு ஏற்றுவதால் கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. ஆகவே டாக்டர் 'வேண்டாம்' என்றால் வற்புறுத்தலாகாது.

இரத்தப் புற்றுநோயாளர் நிலை வேறு. அவர்களுக்குத் தட்டணு உயிர்நாடி. பிள்ளை பெற்ற தாய்மாரிடமும் பலமுறை இரத்தம் ஏற்றியவரிடமும், அயலார் அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கக்கூடும். ஏற்றிய ஒரு மணி நேரத்திற்குள் எண்ணிப்பார்த்தும் உயர்வில்லையெனில், டாக்டர்கள் முதலில் ஐயுறுவது இதனையே. உடனே உயர்ந்து மறுநாள் சரிந்தால் காய்ச்சலையோ கிருமியையோ தேடுவர். எதிர்ப்பொருள் உறுதியானால், எச்.எல்.ஏ. என்னும் அணு அடையாளம் பொருந்தியவரைத் தேடவேண்டும். உடன்பிறந்தாரிடையேகூட நால்வரில் ஒருவருக்கே அது முற்றும் பொருந்தும். வெள்ளணுக்களை வடிகட்டி ஏற்றினால் இத்தொல்லை பெரிதும் குறைவதை 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெளிவாக்கிற்று.

எனவே எத்தனை பேறு, கருச்சிதைவு உண்டா, முன்பு எப்போது இரத்தம் ஏற்றினர் என்பதைக் கூசாமல் டாக்டரிடம் கூறுக. ஊர்வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது இன்று ஒரு நிமிட வேலை.