வண்டு துளைத்த கிழங்கு வீட்டுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்

பொங்கல் நெருங்கும்போது தஞ்சைச் சந்தைகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்து குவியும். பூதலூர் வட்டாரத்தில் புது ஆற்றுப் பாசன வயல்களில் நெல்தான் முதன்மைப் பயிர் என்றாலும், செங்கிப்பட்டிப் பக்கத்து மேட்டுச் செம்மண் இக்கிழங்குக்கு ஏற்றது. கிழங்கு தோண்டும் வீடுகளில் நல்ல கிழங்கு மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போவதும், சொத்தைக் கிழங்கு வீட்டு அடுப்புக்கும் மாட்டுத் தொட்டிக்கும் வருவதும் உண்டு. இவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

கசப்பின் காரணம்

கூன்வண்டின் புழு கிழங்கைக் குடையும்போது, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. துளையைச் சுற்றியுள்ள சதையிலும் கசப்பு ஏறும். வேகவைப்பதால் இது முழுதும் நீங்காது. பூஞ்சாணம் பிடித்து அழுகிய கிழங்கு இன்னும் கெடுதலானது. அதைத் தின்ற மாடுகளுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டு, மூச்சுத் திணறல் கண்டு இறக்கவும் நேரிடும். கறவை மாடு ஒன்றை இழப்பதைவிட ஒரு கூடைக் கிழங்கை இழப்பது மேல்.

சொத்தைக் கிழங்கைக் குப்பைக் குழியில் போட்டால் வண்டு பெருகி அடுத்த பயிரைத் தாக்கும். ஆகவே அதை எரித்துவிட வேண்டும். அடுத்த பருவத்தில் வண்டு தாக்காத நுனிக்கொடிகளை நடுதல், கிழங்கு வெளியே தெரியாதபடி மண் அணைத்தல், அதே நிலத்தில் தொடர்ந்து இக்கிழங்கைப் பயிரிடாதிருத்தல் ஆகியவை தாக்குதலைக் குறைக்கும்.

உருளைக்கிழங்கில் பச்சை நிறம்

நீலகிரியிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வரும் உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் வைத்தால் தோல் பச்சையாகும். அத்துடன் சொலனின் என்னும் நஞ்சும் கூடும். இதுவும் வேகவைத்தால் போகாது. முளையையும், சிறிதளவே உள்ள பச்சைப் பகுதியையும் ஆழமாக வெட்டி எறியலாம். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ, சமைத்த பின் கசந்தாலோ முழுவதையும் எறிந்துவிட வேண்டும். உருளைக்கிழங்கைக் காற்றோட்டமுள்ள இருட்டான இடத்தில் வைப்பதே நல்லது.

சமைக்கும் முறை

சர்க்கரைவள்ளியைத் தோண்டியவுடன் கழுவாமல் மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் வைக்கவும். தோலில் பட்ட காயம் ஆறும்; இனிப்பும் கூடும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. வைத்தால் உட்பகுதி கெட்டியாகி வேகாமல் போகும்.

சமைக்கும் முன் நன்றாகக் கழுவி, தோலுடன் முழுதாக இட்லிக் கொப்பரையில் வைத்து ஆவியில் வேகவைப்பது சிறந்தது. நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் சத்து நீரோடு போய்விடும். மெதுவாகச் சூடேறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. எனவே சிறுதீயில் வெந்த கிழங்குக்கு வெல்லம் தேவைப்படாது. பச்சையாகத் தின்றால் செரிமானம் கெடும். சர்க்கரை நோயாளிகள் சுட்ட கிழங்கைத் தவிர்த்து வேகவைத்ததையே, சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, சிறிதளவு சாப்பிடலாம்.

ஆரஞ்சு நிறக் கிழங்கு

சதை ஆரஞ்சு நிறமாக உள்ள இரகங்களில், உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் சத்து மிகுதி. கண்பார்வைக்கு இது தேவை. ஆப்பிரிக்காவில் இவ்வகைக் கிழங்கைப் பரப்பிய விஞ்ஞானிகளுக்கு 2016ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ஆரஞ்சு நிற இரகத்தை வெளியிட்டுள்ளது. இச்சத்து உடலில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். வெந்த கிழங்குடன் தேங்காய்த் துருவல் சேர்த்தால் போதும்.

நடவுக்கு விதைநெல்லை முதலில் எடுத்து வைப்பது நம் வழக்கம். அதுபோலக் கிழங்கு தோண்டியதும், மூட்டை கட்டுமுன், வீட்டுக் குழந்தைகளுக்கென ஒரு கூடை நல்ல கிழங்கைத் தனியே எடுத்து வைப்பது நன்று.