அடைக்கலம் கொடுத்த மண்

விருதுநகர் மாவட்டம் நரிக்குடிக்கு அருகே முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர்களை வீரத்துக்காகக் கொண்டாடுகிறோம். எல்லை தாண்டி நடக்கும் கெரில்லாப் போரைப் புரிந்துகொள்ளவும் அவர்கள் வரலாறு உதவும். அத்தகைய போரின் போக்கைத் தீர்மானிப்பது பக்கத்து மண். கடைசியில் கனத்த விலை கொடுப்பதும் அந்த மண்தான். 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் அவர் மனைவி வேலு நாச்சியாரும் மருதிருவரும் விருப்பாட்சிக்குச் சென்றனர். அது மைசூரின் ஹைதர் அலியின் ஆதிக்கத்தில் இருந்த திண்டுக்கல் சீமை. ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையும் அங்கே எளிதில் நுழைய முடியாது. எட்டாண்டு காத்திருந்து, ஹைதரின் படையுதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார்கள். அந்தப் புகலிடம் கிடைத்திராவிட்டால் மீட்சியும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனுக்கு அது வாய்க்கவில்லை. 1799இல் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கும்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டு, கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

1801இல் முறை மாறியது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்ததும் மருதிருவரின் சிறுவயலுக்கு வந்தார். அவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஏறத்தாழ ஒரு மாதம் முயன்ற கும்பெனிப் படை, முடியாமல் திரும்பியது. காடு அவ்வளவு காத்தது. ஆனால் கும்பெனி வேறொரு வழியும் வைத்திருந்தது: படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து, சீமையின் மக்களையே பிளந்தது. அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது.

பாலஸ்தீனப் போராளிகளின் கதையிலும் இந்த முடிச்சைக் காணலாம். 1968 மார்ச்சில் ஜோர்தானின் கராமேயில் அவர்களும் ஜோர்தான் படையும் இஸ்ரேலை எதிர்த்து நின்றபோது அரபுலகமே நிமிர்ந்தது. இரண்டரை ஆண்டில், 1970 செப்டம்பரில், மன்னர் ஹுசைனின் படையே அவர்கள்மீது பாய்ந்தது. லெபனானுக்குப் போனார்கள், அங்கே அவர்களை ஏற்பதா கூடாதா என்ற பிளவும் சேர்ந்து 1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1982இல் இஸ்ரேல் படையெடுத்து பெய்ரூட்டை முற்றுகையிட்டது. குண்டுகள் விழுந்தது லெபனான் மக்களின் வீடுகள்மீதும்தான்.

ஊமைத்துரை வெறும் சாக்கு, கும்பெனி எப்படியும் சிவகங்கையை விழுங்கியிருக்கும் என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. மருதிருவர் விருந்தோம்பியவர்கள் மட்டுமல்லர், போரின் பங்காளிகள். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியில் கும்பெனிக்கு எதிராக ஒட்டிய அறிக்கை அதற்குச் சான்று. ஹுசைனுக்குக் காக்க ஓர் அரியணை இருந்தது. மருதிருவர் தங்கள் சீமையையே போருக்குள் வைத்துவிட்டார்கள். அதனால்தான் அவர் விரட்டினார், இவர்கள் விரட்டவில்லை. ஆனால் பங்காளியாக இருந்ததால் விலை குறையவில்லை. முன்பு வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரும் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலேறினர். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தப்பட்ட எழுபத்துமூன்று பேரில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னும் சிறுவன்.