கோல்ப் மட்டைக்குக் கூலி எவ்வளவு?

பிரயாணம் செய்வோர் ஆளுக்குரிய கட்டணத்தைப் பன்முறை விசாரித்து, நாள் பார்த்து, மலிவான வழியைத் தேடிக்கொள்கின்றனர். ஆளோடு செல்லும் மூட்டைக்குரிய கட்டணத்தை முன்கூட்டியே விசாரிப்போர் மிகச் சிலரே. விமான நிலையத்துத் தராசின் முன் நிற்கும்போதுதான் மூட்டைக்கும் ஒரு விலை உண்டென்பது நினைவுக்கு வருகிறது. அவ்வேளையில் கேட்ட பணத்தைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை.

நாவற்குடாவில் இருந்துகொண்டு கோல்ப் மட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த எமது ஊரில் அவ்விளையாட்டுக்குரிய திடல் கிடையாது. ஆயினும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் எம்மவரிற் சிலர் அதனைப் பயின்றுள்ளனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது தம் மட்டைகளையும் கொணர விரும்புகின்றனர். அவர்களுக்கு உதவும் கணக்கு, கிரிக்கெட் மட்டையுடன் புறப்படும் மாணவனுக்கும், மேற்படிப்புக்காக நூல்களை மூட்டை கட்டும் பட்டதாரிக்கும் உதவும். ஆதலின் இது செல்வர்க்கு மாத்திரம் உரிய பேச்சன்று.

எங்கே விளையாடுவது?

இலங்கைக்கு இவ்விளையாட்டு ஆங்கிலேயரோடு வந்தது. கொழும்பிலே 1879ஆம் ஆண்டு கோல்ப் கழகம் தோன்றியது. நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டு மற்றொன்று எழுந்தது. பிற்காலத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அருகே திகணயிலும், அம்பாந்தோட்டையிலும் திடல்கள் அமைந்தன. கிழக்கு மாகாணத்தில் திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையினரின் திடல் ஒன்றுண்டு. ஆகவே ஊர் வருபவர் விளையாட வேண்டுமாயின், விமானத்தில் வந்த சுமையைப் பின்னும் தரைவழியே நெடுந்தூரம் கொண்டுசெல்ல நேரிடும். சுமையைக் குறைப்பதற்கு இதுவே முதற் காரணம்.

எடையா, இடமா?

மூட்டைக் கூலி எடையைப் பொறுத்தது என்றே நாம் எண்ணுகிறோம். விமானத்தில் தனிப் பொதியாக அனுப்புமிடத்து இது பாதி உண்மையே. பஞ்சுப் பொதி எடை குறைந்ததாயினும் இடத்தை நிறைத்துவிடும். அவ்விடத்தில் வேறொன்றையும் ஏற்ற இயலாது. எனவே பொதி கொண்டுசெல்வோர் இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றனர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, 5000 ஆல் வகுத்தால் வருவது இடத்தின் எடையாகும். தராசு காட்டும் எடை, இடத்தின் எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கூலி. சில நிறுவனங்கள் 6000 ஆல் வகுப்பதுமுண்டு. எதனால் வகுக்கின்றனர் என்பதை முதலிலே கேட்டறிதல் நன்று.

இனிக் கோல்ப் மட்டைக்கு வருவோம். பையுடன் கூடிய முழுத் தொகுதியை இடும் பெட்டி ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், அதேயளவு உயரமும் உடையதெனக் கொள்வோம். பெருக்கினால் 1,08,000. அதனை 5000 ஆல் வகுத்தால் 21.6. தராசிலே 14 கிலோகிராம் நிற்கும் பெட்டிக்கு 22 கிலோகிராமுக்குரிய கூலி கொடுக்க வேண்டியதாகிறது. மிகுதி எட்டுக் கிலோகிராமும் வெறுங்காற்றுக்குக் கொடுத்த கூலியன்றி வேறில்லை.

ஏழு மட்டை போதும்

இவ்விளையாட்டின் விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரையில் வைத்திருக்கலாம். முற்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமந்து திரிந்தோரும் இருந்தனர். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் 1939ஆம் ஆண்டிலும் அதற்கு வரம்பு விதிக்கப்பட்டது. பதினான்கு என்பது மேல் எல்லையே. அத்தனையும் வேண்டுமென்று விதி கூறவில்லை. சிக் எவன்ஸ் என்ற வீரர் 1916ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஏழே மட்டைகளைக் கொண்டு வெற்றி பெற்றார். விடுமுறையில் இரண்டொரு நாள் விளையாடுவோருக்கு ஏழுக்கு மேல் எதற்கு?

பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது மிக நீண்ட மட்டையே. தொடக்க அடிக்கு உபயோகிக்கும் பெரிய மட்டை 45 அங்குலமளவு நீளமுடையது. அதனை வீட்டில் விட்டு, இரும்புத் தலையுள்ள சிறு மட்டைகளையும், பந்தைக் குழியில் உருட்டும் மட்டையையும் தெரிந்தெடுத்தால் 100 சென்ரிமீற்றர் நீளப் பெட்டி போதுமானது. பெரும்பையையும் விட்டுவிட்டு, மட்டைகளின் தலைகளைத் துணியாற் சுற்றி நெருக்கமாக அடுக்கினால் அகலமும் உயரமும் இருபது இருபதாகச் சுருங்கும். இப்பொழுது பெருக்குத்தொகை 40,000. இடத்தின் எடை எட்டுக் கிலோகிராம். இருபத்திரண்டு எட்டாகிவிட்டது.

கூடவே கொண்டுவருவதாயின் இன்னுமொரு நன்மையுண்டு. பொதியின் நீள, அகல, உயரங்களைக் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது பல விமானச் சேவைகளின் வரையறை. பெரிய பெட்டியின் கூட்டுத்தொகை 180. சிறிய பெட்டியின் கூட்டுத்தொகை 140. அது சாதாரணப் பயணப் பெட்டியாகவே ஏற்கப்படக்கூடியது. சில சேவைகள் கோல்ப் பைக்குச் சலுகை அளிப்பதுமுண்டு. பயணச்சீட்டு வாங்குமுன்னரே அதனை எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். மட்டைகளை இருக்கையருகே கொண்டுசெல்ல அனுமதி கிடையாதென்பதையும் மறத்தலாகாது.

கிரிக்கெட் மட்டையின் நீளம் விதிப்படி 38 அங்குலத்துக்கு, அதாவது 96.5 சென்ரிமீற்றருக்கு மேற்படாது. ஆதலின் கிரிக்கெட் ஆடும் மாணவனுக்கும் இந்தச் சிறு பெட்டியின் நீளமே போதும்.

நூலுக்கு வேறு கணக்கு

நூற்பெட்டியின் இயல்பு இதற்கு மாறானது. 40 சென்ரிமீற்றர் நீளமும், 30 அகலமும், 25 உயரமுமுள்ள பெட்டியை நூல்களால் நிரப்பினால் 18 கிலோகிராம் வரை நிற்கும். இடத்தின் எடையோ ஆறு மாத்திரமே. இங்கே பெட்டியைச் சுருக்குவதால் ஒரு பயனுமில்லை. எடைக்கே கூலி. இத்தகைய பொருளை அவசரமில்லையாயின் கடல்வழி அனுப்புவதே மலிவு.

கப்பற் சரக்கு பெரும்பாலும் கனமீற்றர்க் கணக்கில் அளக்கப்படுவது. ஒரு கனமீற்றருக்குக் குறைந்த பொதிக்கும் பலவிடங்களில் ஒரு கனமீற்றர்க் கூலியே அறவிடுவர். மேற்கூறிய பெரிய கோல்ப் பெட்டி ஒரு கனமீற்றரில் ஒன்பதில் ஒரு பங்களவே வரும். தனியே அனுப்புபவர் மிகுதி எட்டுப் பங்குக்கும் வீணே கொடுக்கிறார். ஒரே நகரில் வாழும் உறவினர் மூவர் நால்வர் சேர்ந்து அனுப்பினால் கூலி பங்காகிவிடும். அப்படிச் சேரும்போது ஒவ்வொருவரின் பொருளையும் பெயரிட்டுப் பட்டியலாக எழுதி வைத்தல் வேண்டும். தனியே வரும் பொதியைச் சுங்கத்தில் விடுவிக்க அப்பட்டியல் தேவைப்படும். உறவினரிடையே பின்னர் மனத்தாங்கல் எழாதிருக்கவும் அது உதவும்.

வாடகையும் ஒரு வழி

பல திடல்களில் மட்டைகளை வாடகைக்குப் பெறலாம். விளையாடும் நாட்களின் தொகையை ஒரு நாள் வாடகையாற் பெருக்குக. வந்த விடை, மட்டைகளைக் கொணர்ந்து திரும்பக் கொண்டுசெல்லும் இருவழிக் கூலியிலும் குறைவாயின் வாடகையே இலாபம். திரும்பும் வழியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர் பலர். ஆயினும் இடக்கையால் ஆடுவோருக்கு ஏற்ற மட்டை எல்லாவிடத்தும் கிடைப்பதில்லை. அவர்கள் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் வருபவர் பழைய மட்டைகள் சிலவற்றை இங்கேயே விட்டுச் செல்லலாம். அவ்வாறு செய்யின் எமது ஊரின் உப்புக்காற்றை நினைவிற் கொள்ளுதல் அவசியம். உருக்குத் தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, காற்றுப் புகாதபடி சுற்றி வைத்தால் துரு அணுகாது. இல்லையேல் மிச்சம்பிடித்த கூலி முழுவதும் துருவுக்கு இரையாகிவிடும்.

ஊருக்கு வரும் பிள்ளையின் சுமைக் கூலி பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பிலிருந்தே செல்கிறது. வீட்டிலுள்ள அளவு நாடாவை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்து, ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் செய்தால் அதிற் பாதிக்கு மேல் மிஞ்சக்கூடும். ஏழாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது. அடுத்த பிரயாணத்தின்போது அதனை அவனிடமே ஒப்படைத்துப் பாருங்கள்.