கதை படிக்க எழுத்துப் படித்தார்கள்!

ஒரு கதைப் புத்தகத்தைப் படிப்பதற்காக, தெரியாத எழுத்தை முதல் எழுத்தில் இருந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் உண்டா?

உண்டு. ஒருவர், இருவர் அல்ல. வட இந்தியாவில் கணக்கில் அடங்காதவர்கள் அப்படிக் கற்றார்கள்.

அந்தப் புத்தகத்தின் பெயர் "சந்திரகாந்தா". எழுதியவர் தேவகிநந்தன் கத்ரி. பண்டிதர் பரம்பரையில் வந்தவர் அல்ல. காட்டுக் காண்டிராக்டு எடுத்துப் பிழைத்தவர். அந்தப் பிழைப்பு போன பிறகு பேனாவைக் கையில் எடுத்தவர்.

1994-ம் ஆண்டில் வடக்கே குடியிருந்த தமிழர்களுக்குச் "சந்திரகாந்தா" என்ற பெயர் புதிது அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் அந்தத் தொடர் ஓடியது. வில்லன் குரூர் சிங் "யக்கூ" என்று கத்துவதைத் தமிழ்ப் பிள்ளைகளும் தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆனால் அந்தக் கதை நூறு ஆண்டுகளுக்கு முந்தையது, அதை எழுதியவர் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துப் புத்தகம் போட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

காட்டுக்குள் ஒரு வியாபாரி

கத்ரி 1861-ம் ஆண்டு ஜூன் மாதம் பீகாரில் பூசா என்ற ஊரில் பிறந்தார். வியாபாரக் குடும்பம். சிறு வயதில் உருதுவும் பாரசீகமும் படித்தார். இந்தியும் சமஸ்கிருதமும் பிறகு காசிக்கு வந்து கற்றுக்கொண்டவை.

இளம் வயதில் கயை மாவட்டத்தில் உள்ள டிக்காரி சமஸ்தானத்தில் தொழில் செய்தார். அது நிலைக்கவில்லை. காசிக்குத் திரும்பினார். காசி மகாராஜாவின் ஆதரவால் சகியா, நௌகட் காடுகளின் காண்டிராக்டு கிடைத்தது.

இந்தக் காடுகள் காசிக்குத் தெற்கே, விந்திய மலைச் சரிவில் உள்ளவை. இப்போது சந்தௌலி மாவட்டம். அருவிகளும் குகைகளும் பாழடைந்த கோட்டைகளும் நிறைந்த வட்டாரம். வியாபார வேலையாகக் காட்டுக்குப் போகிறவர் மரத்தை எண்ணுவார், கூலியைக் கணக்குப் பார்ப்பார், திரும்பி வருவார். கத்ரி அதோடு நிற்கவில்லை. இடிந்த மண்டபங்களில் நுழைந்து பார்த்தார். மலைக் குகைகளைச் சுற்றினார். "இந்தப் படிக்கட்டு எங்கே போகிறது? இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கும்?" என்ற கேள்வி அவர் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சில காலம் கழித்துக் காண்டிராக்டு அவரிடம் இருந்து திரும்ப வாங்கப்பட்டது. வருமானம் நின்றது. காடு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பார்த்த கோட்டைகளை வைத்து எழுதத் தொடங்கினார்.

ஐயர் அல்ல, ஐயார்!

கதை இதுதான். நௌகட் இளவரசன் வீரேந்திர சிங். விஜயகட் இளவரசி சந்திரகாந்தா. இருவருக்கும் காதல். விஜயகட் மந்திரியின் மகன் குரூர் சிங்கும் இளவரசியை விரும்புகிறான். அவன் சுனார்கட் அரசன் சிவதத்திடம் போய்ச் சேர்ந்து சூழ்ச்சி செய்கிறான். சந்திரகாந்தா ஒரு மாயக் கோட்டையில் மாட்டிக்கொள்கிறாள். அந்தக் கோட்டையின் பூட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்து வீரேந்திரன் அவளை மீட்கிறான்.

மாயக் கோட்டைக்கு இந்தியில் "திலிஸ்ம்" என்று பெயர். கதையில் வரும் ஒற்றர்களுக்கு "ஐயார்" என்று பெயர். தமிழர்கள் இதை "ஐயர்" என்று படித்துவிட்டால் கதையே மாறிவிடும்! ஐயார் என்பவன் நொடியில் வேடம் மாறுவான். இடுப்பில் ஒரு பை. அதில் மயக்க மருந்து, மயக்கம் தெளிய வைக்கும் மருந்து, சுவர் ஏறும் கயிறு எல்லாம் இருக்கும். ஐயாருக்கு ஒரு சட்டமும் உண்டு. எதிரியின் ஐயார் பிடிபட்டால் கொல்லக் கூடாது, சிறையில்தான் வைக்க வேண்டும். அவன் தப்பி வராமல் கதை எப்படி நகரும்?

நம் ஊரில் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வகை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் கத்ரியிடம் ஒரு வேறுபாடு உண்டு. லட்சுமணபுரியில் (லக்னோ) நவல் கிஷோர் அச்சகம் 1883-ம் ஆண்டு முதல் "திலிஸ்மே ஹோஷ்ருபா" என்ற பெரிய உருதுக் கதையைப் பல பாகங்களாக வெளியிட்டு வந்தது. அதில் மந்திரவாதிகளின் ஆட்சி. கத்ரியின் மாயக் கோட்டையிலோ மந்திரத்துக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. திறக்கும் சுவருக்குப் பின்னால் ஒரு விசை இருக்கும். நடக்கும் பொம்மைக்குள் ஒரு எந்திரம் இருக்கும். படிக்கிறவன், "இப்படியும் ஒரு கொத்தன் கட்டியிருப்பானோ" என்று நினைப்பான். அந்த "இருக்குமோ" தான் அவர் சரக்கு.

குமாஸ்தாக்கள் படித்த கதை

"சந்திரகாந்தா" 1888-ல் வெளிவரத் தொடங்கியது. மொத்தம் 4 பாகங்கள். அத்தியாயம் என்று போடாமல் "பயான்" என்று போட்டார் கத்ரி. கோர்ட்டில் சாட்சி கொடுக்கும் வாக்குமூலத்துக்கும் அதுதான் பெயர். கச்சேரி குமாஸ்தாவுக்கு நன்றாகப் பழகிய சொல்.

அன்றைய நிலைமையைப் பார்க்க வேண்டும். வட மேற்கு மாகாணம் என்று அப்போது பெயர். இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பெரும் பகுதி அது. அங்கே கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும் உருதுதான், அதுவும் பாரசீக எழுத்தில். உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்த எழுத்துத் தெரிய வேண்டும். நாகரி எழுத்தால் வேலை கிடைக்காது. ஆகவே சம்பளத்தை நினைத்துப் படித்தவர்கள் நாகரி பக்கம் திரும்பவில்லை.

நாகரிக்காக மனுக்கள் போயின. 1893-ல் காசியில் நாகரிப் பிரசாரிணி சபை தொடங்கப்பட்டது. 1900-ம் ஆண்டு ஏப்ரலில்தான் கவர்னர் மெக்டொனல் கோர்ட்டில் நாகரியையும் பயன்படுத்தலாம் என்று உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவுக்கு 12 ஆண்டு முன்பே சந்திரகாந்தா வந்துவிட்டாள். கத்ரி எழுதியது வீட்டிலும் கடையிலும் பேசுகிற பேச்சு. உருது தெரிந்தவன் காதால் கேட்டால் முழுக்கப் புரியும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியாது. நடுவே நின்ற சுவர் எழுத்து மட்டும்தான்.

மும்பைக்கு வந்த தமிழனுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஆறு மாதத்தில் இந்திப் பேச்சு நாக்கில் ஏறிவிடும். பஸ்ஸின் நெற்றியில் எழுதிய எண் மட்டும் பிடிபடாது. ரெயில் நிலையப் பலகையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வயிற்றுப்பாடு நம்மைப் பலகை படிக்க வைத்தது. அவர்களை, "அப்புறம் சந்திரகாந்தாவுக்கு என்ன ஆயிற்று?" என்ற ஆவல் படிக்க வைத்தது.

சொந்த அச்சுக்கூடம்

அந்தக் காலத்தில் கதாசிரியரின் வேலை முழுக்கக் கைவேலை. நாகரியில் டைப் அடிக்க வசதி இல்லை. மையில் தோய்த்துத் தோய்த்துத் தாளில் எழுத வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார். புரூப் எடுத்துத் திருத்த வேண்டும். அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட வேண்டும். அப்போதுதான் அடுத்த பக்கம்.

பிறர் அச்சகத்தில் கொடுத்தால் அங்கே கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் முடிந்த பிறகுதான் கதையின் முறை வரும். பாகம் பாகமாகக் கதை சொல்கிறவனுக்குத் தாமதம் விஷம். வாசகன் மறந்துவிடுவான்.

1898-ல் கத்ரி காசியில் "லஹரி பிரஸ்" என்ற சொந்த அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். "சந்திரகாந்தா சந்ததி" என்ற அடுத்த கதை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. சந்திரகாந்தாவின் பிள்ளைகள் இந்திரஜித் சிங், ஆனந்த் சிங் ஆகியோரின் கதை. அது 24 பாகம்! 1900-ல் "சுதர்சன்" என்ற மாதப் பத்திரிகையும் தொடங்கினார்.

அச்சுக்கூடம் வைத்தால் சுதந்திரம் வரும், கூடவே செலவும் வரும். காகிதம், மை, கூலி எல்லாம் முன்பணம். புத்தகம் விற்ற பிறகே காசு. கதை சலித்துப் போனால் பேனாவோடு மெஷினும் நின்றுவிடும். எழுதுகிறவரும் முதல் போடுகிறவரும் ஒருவரே என்றால் நஷ்டத்தில் பங்கு கொள்ள வேறு ஆள் இல்லை.

லஹரி பிரஸ் தொடங்கிய அதே 1898-ல்தான் நம் சுப்பிரமணிய பாரதி காசிக்குப் போனார். அனுமான் கட்டத்தில் அத்தை வீட்டில் தங்கி 1902 வரை இருந்தார். இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார். தலைப்பாகை கட்டிய நம் கவிஞர் கங்கைக் கரையில் நடந்த அந்த நாட்களில், அதே ஊரில் ஐயார்களின் கதை அச்சேறிக்கொண்டிருந்தது.

பண்டிதர் போட்ட மார்க்

இவ்வளவு பேர் படித்தார்களே, பண்டிதர்கள் என்ன சொன்னார்கள்?

இந்தி இலக்கிய வரலாறு எழுதிய ராமச்சந்திர சுக்ல 1929-ல் வெளிவந்த தம் நூலில் இரண்டு செய்தி சொன்னார். முதலாவது: வேறு எந்த நூலாசிரியரையும் விட அதிக வாசகர்களை உண்டாக்கியவர் கத்ரி, உருதுவோடு நின்ற எண்ணற்றவர்கள் அவருக்காகவே இந்தி படித்தார்கள். இரண்டாவது: இவை நிகழ்ச்சிகளை அடுக்கும் கதைகள், உயர்ந்த இலக்கிய வரிசையில் சேரா.

ஒரே கையால் மாலையும் போட்டார், வாசலையும் சாத்தினார். ஆனால் அந்த வாசலுக்கு வெளியே நின்ற கூட்டம் கலையவில்லை. சந்திரகாந்தாவில் எழுத்துக் கூட்டப் பழகியவன், பிறகு வேறு புத்தகங்களையும் எடுத்தான். பின்னால் வந்த பெரிய எழுத்தாளர்களுக்கு வாசகன் தயாராக இருந்தான் என்றால், அவனைத் தயார் செய்ததில் இந்தக் காட்டுக் காண்டிராக்டருக்குப் பங்கு உண்டு.

முடியாத கதை

சந்ததியில் வரும் பூத்நாத் என்ற ஐயார் நல்லவனும் அல்ல, கெட்டவனும் அல்ல. அவனைக் கத்ரிக்கே விட மனமில்லை போலும். 1907-ல் அவன் கதையைத் தனியாக எழுதத் தொடங்கினார். 6 பாகங்கள் எழுதினார். 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி காலமானார். வயது 52.

கதை நடுவில் நின்றது. அவர் மகன் துர்காபிரசாத் கத்ரி பேனாவை எடுத்தார். இன்னும் 15 பாகங்கள் எழுதி, 21-ல் கொண்டுபோய் முடித்தார். அப்பா வைத்துவிட்டுப் போன கடன்களில், வாசகனுக்குச் சொல்ல வேண்டிய மீதிக் கதையும் ஒன்று என்று எண்ணிய மகன் அவர்.

சுனார் இன்றும் இருக்கிறது. அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) மார்க்கத்தில் முகல்சராய் போகும் ரெயில்களில் போகிறவர்கள் மிர்சாபூரைத் தாண்டியதும் அந்த நிலையத்தைக் காணலாம். முகல்சராய்க்கும் 2018-ல் பெயர் மாறிவிட்டது. கங்கைக் கரைப் பாறை மேல் நிற்கும் சுனார் கோட்டையின் பெயர் மாறவில்லை. சிவதத்தின் கோட்டை எது என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

ஷிப்டு முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நாற்பது பக்க நோட்டில் கதை எழுதும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மனதில் ராஜா, ராணி, மாயக் கோட்டை. "இதை யார் போடுவார்கள்? யார் படிப்பார்கள்?" என்று நோட்டைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். பிழைப்பை இழந்த ஒரு காண்டிராக்டர் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு எழுத உட்காரவில்லை. முதல் பாகத்தை முடித்தார். பிறகு இரண்டாவது பாகத்தை எழுதினார்.